மரியஜானிடம் கேட்காதது

கன்னியாகுமரியில் ரயில் நிலையத்திலிருந்து கடலைப் பார்க்க இறங்கும் சாலையில் ஒரு நடுத்தர லாட்ஜ். அதன் வரவேற்பு மேசையில் பெமிலா பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். காலை ஏழு மணிக்கு வந்தால் மாலை நான்கு மணிக்கு இறங்குவாள். மயிலாடிப் பக்கம் வீடு. கணவன் செல்வதாஸுக்குக் கோட்டாற்றில் ஒரு மரக்கடையில் வேலை. ஒரே மகள் பெங்களூரில் நர்ஸ். எத்தனை பேர், எத்தனை நாள், வெந்நீர் காலை ஆறு முதல் ஒன்பது வரை, சூரிய உதயத்தை மொட்டைமாடியிலிருந்தும் பார்க்கலாம் என்பதையெல்லாம் தமிழ் போக ஆறு மொழிகளில் சொல்லுவாள். அந்த ஆறு மொழிகளிலும் வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த நாளில் முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஆதார் கார்டை வாங்கு, கையெழுத்தை வாங்கு, சாவியைக் குடு. வாறவன் எதுக்கு வாறான், ஏன் மொகத்தைத் தூக்கி வச்சிருக்கான்னு நமக்குத் தேவையில்ல."

பல வருடம் அவள் அப்படியே செய்தாள். 2019ஆம் வருடம் ஆகஸ்டில், சேலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தனியாக வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கஞ்சி போட்ட நூல்சேலை, கையில் ஒரு துணிப்பை. பெமிலா கையெழுத்து வாங்கிச் சாவியைக் கொடுக்கும்போதே போன் அடித்தது. குஜராத்திலிருந்து நாற்பது பேர், மூன்று நாளுக்குப் பதினான்கு அறைகள் வேண்டுமாம். அந்த அம்மா சாவியை வாங்கிய பிறகும் மேசையை விட்டுப் போகவில்லை. எதையோ கேட்க வந்தவர் மாதிரி நின்றார். பெமிலா ஒரு விரலைத் தூக்கி, இருங்க என்று காட்டினாள். பேச்சு முடிந்து நிமிர்ந்தபோது அவர் படியேறிப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் அந்த அறைக் கதவைத் திறக்கப் போலீஸ்தான் வரவேண்டியிருந்தது.

மூன்றாவது நாள் மகன் வந்தான். வங்கியில் வேலை பார்க்கிறவன் போல இருந்தான். எல்லாக் கையெழுத்தும் போட்டு முடித்துவிட்டு மேசைக்கு வந்து, "எங்கம்மா கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாங்க?" என்று கேட்டான். அவனுக்கு வேறு யாரிடமும் கேட்பதற்கில்லை. பெமிலா பதிவேட்டில் அந்த அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தாள். பேச விடவில்லை என்று எப்படிச் சொல்லுவது? "சாப்பிட்டியாம்மான்னு எங்கிட்ட கேட்டாங்க" என்றாள்.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவங்க எல்லார்கிட்டயும் அதத்தான் கேப்பாங்க" என்று சொல்லி அழுதான்.

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் கும்பிட்டதை நினைத்துத்தான் பெமிலாவுக்கு மாதக்கணக்கில் சோறு இறங்கவில்லை.

ஸ்ரீகுமார் அந்த ஓணத்துக்குப் பிறகு லாட்ஜுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தற்கொலைத் தடுப்புக்காக ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு லாட்ஜ், ஆட்டோ ஸ்டாண்டு, சாயாக்கடை என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். தனியாக வருகிறவர்களை முதலில் பார்ப்பது நீங்கள்தான், ஒரு மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள், என்ன கேட்கவேண்டும் என்று சொல்லித் தருகிறோம் என்றார். முதலாளி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "இந்த மாதிரிப் பேச்சை இங்க வச்சி எடுத்தா யாவாரம் வெளங்குமா ஓய்?"

பெமிலா அவர் பின்னாலேயே தெருவுக்கு ஓடி நம்பரை வாங்கிக்கொண்டாள். இரண்டு சனிக்கிழமை லீவு போட்டுக் கோட்டாற்றில் ஒரு சர்ச் மண்டபத்தில் போய் உட்கார்ந்தாள்.

அங்கே படித்ததில் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றுதான். சுற்றி வளைக்காமல் கேட்கவேண்டும் என்றார் ஸ்ரீகுமார். "மனசு சரியில்லியான்னு கேட்டா, சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவாவ. செத்துரலாம்னு தோணுதான்னு அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்க. கேட்டா இல்லாத எண்ணம் வந்துருமோன்னு பயப்படாண்டாம். வராது. ஏற்கெனவே அந்த எண்ணத்தோட இருக்கவனுக்கு, ஒரு மனுசராவது கேட்டாவளேன்னு ஒரு மூச்சு கெடைக்கும். அப்புறம் அவன் சொல்லுதத முழுசாக் கேளுங்க, தனியா விடாதீங்க, டாக்டர்ட்டயோ வீட்டு ஆள்ட்டயோ கொண்டு சேருங்க. அவ்வளவுதான் நம்ம வேலை."

பெமிலாவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். அடுக்களையிலிருந்து செல்வதாஸ் கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஏட்டி, யார்ட்ட என்னத்த கேக்க?"

"கண்ணாடிகிட்ட கேக்கேன். நீங்க போங்க."

அவர் போகவில்லை. அன்று முழுவதும் அவள் போகிற இடத்திலெல்லாம் பின்னாலேயே நடந்தார்.

அதற்கடுத்த வகுப்புக்கு அவள் மரியஜானைக் கூட்டிப் போனாள். லாட்ஜில் அறை சுத்தம் செய்வதும் தண்ணீர், சாயா கொண்டு கொடுப்பதும் மரியஜானின் வேலை. அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. தூத்தூர்ப் பக்கம் பிறந்தவன், இங்கே பக்கத்தில் இருக்கிற கோவளத்தில் பெண் கட்டியவன். ஒக்கிப் புயல் அடித்த வருடம் அவனுடைய அண்ணன் போன படகு திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மரியஜான் கடலில் கால் வைக்கவில்லை. மூன்றாவது மாடியில் கடலைப் பார்த்த அறைகளைக் கூட்டும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கூட்டுவான். மற்றபடி சிரிப்பும் பாட்டும்தான். படியில் அவன் வருகிறான் என்பது பாட்டிலேயே தெரிந்துவிடும்.

பெமிலாவுக்கு வராத வார்த்தை அவனுக்கு வந்தது. கரூர்க்காரர் ஒருத்தர் இரண்டு நாளாக அறையை விட்டு இறங்கவில்லை, சாப்பாடும் வாங்கவில்லை. மரியஜான் ஒரு சாயாவோடு போய்க் கதவு நிலையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு கேட்டான். அவனுடைய கடற்கரைப் பேச்சின் வேகத்தில் கரூர்க்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன?" என்றார். மறுபடி கேட்டான். அவர் மறுபடியும் "என்ன?" என்றார். மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற மாதிரி, "சார்… செத்துரலாம்னு… தோணுதா?" என்று கேட்டான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முகத்தைப் பொத்திக்கொண்டார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அழுதார். மரியஜான் அந்தக் கதவு நிலையிலேயே உட்கார்ந்திருந்தான். போனில் சொன்னதும் கிளம்பிய அவருடைய அக்கா சாயங்காலம் வந்து சேருகிறவரைக்கும் பெமிலாவும் வீட்டுக்குப் போகவில்லை.

நான்கு வருடத்தில் அந்த மாதிரி எத்தனையோ பேர். சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒரு மராத்திக்காரர், ஓய்வெடுக்க வந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று சண்டைக்கு வந்தார். சிலர் ஒன்றும் சொல்லாமல் ஸ்ரீகுமார் கொடுத்த, உதவி எண் போட்ட சீட்டை மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள். 14416 என்ற அரசு உதவி எண் வந்தபோது முதலாளிகூட அதை அறைக் கதவுகளுக்குப் பின்னால் ஒட்டுவதற்குச் சம்மதித்தார்.

சாயாக்கடைக்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் கூட்டம் போட்டால் மரியஜான்தான் பேசுவான். பெமிலா பெஞ்சுகளை ஒழுங்கு செய்வாள்.

2023 செப்டம்பரில் பாட்டு நின்றது.

ஒருநாளில் நிற்கவில்லை. பெமிலா பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான், கொஞ்ச நாளாகவே படியில் அவன் வருவது தெரியாமல் இருந்தது ஞாபகம் வந்தது. வழக்கத்தைவிட முந்தியே வேலைக்கு வந்துவிடுவான். ஒரு தடவை நன்றாகத் துடைத்த மேசையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றான்.

"என்னடே, மொகம் வாடிக் கெடக்கு?"

"ஒறக்கம் வரல்லக்கா."

"மொபைலை நோண்டாத. வெள்ளனே படு."

"ம்" என்றான்.

அவன் எல்லோருடைய கதையையும் கேட்டுக் கேட்டுக் களைத்திருக்கிறான், ஒரு வாரம் லீவு கொடுத்தால் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். முதலாளியிடம் சொல்லி லீவும் வாங்கிக் கொடுத்தாள். ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு அவன் திரும்பி வந்தான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. பெமிலா பதிவேட்டை மூடிப் பையைத் தோளில் போட்டுவிட்டாள். நாலேகால் பஸ்ஸை விட்டால் அப்புறம் ஐந்து மணிக்குத்தான். மரியஜான் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நாம பேசி அனுப்பினவங்கல்லாம் இப்பம் எப்பிடி இருப்பாவ?"

"நல்லாத்தான் இருப்பாவ. ஏன்டே?"

"சும்மா கேட்டேன்."

"நாளைக்குப் பேசுவோம் மக்கா, பஸ்ஸு போயிரும்."

"நீங்க போங்கக்கா" என்றான்.

புதன்கிழமை லாட்ஜில் ஒரு கல்யாணக் கூட்டம். எழுபது பேர். இரண்டு பேருக்கும் நிற்க நேரமில்லை. படியில் எதிர்ப்பட்டபோது ஒருதரம் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். வியாழக்கிழமை அவன் வரவில்லை. பதினொரு மணிக்கு, கோவளத்தில் ஆட்டோ ஓட்டும் ஷைஜா போன் செய்தாள். ஷைஜாவும் ஸ்ரீகுமாரின் குழுவில் ஒருத்தி. "பெமிலாக்கா" என்று மட்டும் சொன்னாள்.  அதற்கு மேல் அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை.

பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொன்னார். கோயில் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் நடந்தது. குழுவில் எல்லோரும் போயிருந்தார்கள். சாயாக்கடைக்காரர்களும் லாட்ஜ் பையன்களும் ஆட்டோக்காரர்களுமாக அவனிடம் பாடம் படித்த பாதிக் கன்னியாகுமரி அங்கே நின்றது. மரியஜானின் மனைவி சகாயசெல்வி அழவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெமிலா பக்கத்தில் போய்க் குனிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊரு ஒலகத்துல எல்லார்ட்டயும் கேட்டியளே அக்கா. எங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும் கேக்கத் தோணல்லியா?"

சொல்லுவதற்குப் பொய் ஒன்றும் பெமிலாவிடம் இல்லை. "தோணல்ல செல்வி" என்றாள்.

"போங்க" என்றாள் செல்வி.

மறுவாரம் பெமிலா குழுவின் அடையாள அட்டையைக் கொண்டுபோய் ஸ்ரீகுமாரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வராந்தாவில் வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார். "போன மாசம் கூட்டத்துல அவன் என் பக்கத்துலதான் இருந்தான்" என்றார். "ரெண்டு மணி நேரம். முப்பது வருசம் ஆஸ்பத்திரில இருந்த எனக்குத் தெரியல்ல பெமிலா." பெரிய ஆள், தோள் குலுங்க அழுதார். பெமிலா அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் குழு எங்கும் போகவில்லை. சனிக்கிழமைகளில் கூடி உட்கார்ந்தார்கள், பேச முடிந்தால் பேசினார்கள். நாம் ஒருத்தரை ஒருத்தர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கேட்கிறவனுக்கு ஒன்றும் வராது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். மற்றவர்கள், இனி எந்தக் கூட்டமானாலும் முதலில் நம்மை நாமே கேட்டுக்கொண்ட பிறகுதான் வெளியே போவது என்று முடிவு செய்தார்கள். பெமிலா இதையெல்லாம் ஷைஜா சொல்லிக் கேட்டாள். அவள் போகவில்லை.

அவள் செய்தது ஒன்றுதான். தினமும் நாலேகால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் செல்விக்குப் போன் செய்வாள். முதல் பதினைந்து நாள் செல்வி எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள், ஆனால் பேசவில்லை. அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தமும் மகள் எதையோ கேட்கிற சத்தமும் வரும். பெமிலா தானாகவே பேசிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு மத்தியானம் மீன் வாங்கவில்லை, மரச்சீனிக் கிழங்குதான். ஒரிசாக்காரர் ஒருத்தர் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார். கொட்டாரத்தில் மழை. "நாளைக்குக் கூப்பிடுதேன்" என்று சொல்லி வைப்பாள்.

செல்வதாஸுக்கு இது பிடிக்கவில்லை. "அவ ஒன்ன வேண்டாம்னு சொல்லிட்டாள்லா? எதுக்குத் தேடிப் போய் அடி வாங்குத?"

"அடிக்கட்டும்" என்றாள் பெமிலா.

ஜனவரியில் ஒருநாள் அவளுடைய போன் படியில் விழுந்து உடைந்தது. கோட்டாற்றில் கொடுத்துச் சரிசெய்து வாங்க ஒருநாள் ஆகும் என்றார் செல்வதாஸ். செல்வியின் நம்பரும் அதில்தான் இருந்தது. அன்று அவளால் கூப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குச் செல்வி லாட்ஜ் வாசலில் நின்றாள். தலை வாரவில்லை. இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு. மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள்.

"நேத்து நீங்க கூப்பிடல்ல" என்றாள்.

"போன் ஒடஞ்சி போச்சி செல்வி."

"நான் ராவு பூரா நெனச்சேன், நீங்களும் போயிட்டீங்கன்னு."

பெமிலா மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. செல்வியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று பழகியும் வராத வார்த்தை, நான்கு வருடம் முன்பின் தெரியாதவர்களிடம் திக்கித் திக்கிக் கேட்ட வார்த்தை, இப்போது தடங்கலில்லாமல் வந்தது.

"செத்துரணும்னு தோணுதா செல்வி?"

செல்வி குனிந்து தன் இரண்டு செருப்புகளையும் பார்த்தாள். பிறகு, "தோணுது" என்றாள். "நேத்து ரொம்பத் தோணிச்சி. பிள்ளையப் பாத்துக்கிட்டே இருந்தேன். விடிஞ்சதும் அவள எங்க அம்மைட்ட விட்டுட்டு இங்க வந்தேன்."

அப்போதுதான் செல்விக்கு அழுகை வந்தது. அடக்கத்தன்று வராதது, மூன்று மாதம் வராதது, லாட்ஜ் கூடத்தில், பெட்டி சகிதம் நின்ற பெங்காலிக் குடும்பத்துக்கு முன்னால் வந்தது. முதலாளி சத்தம் கேட்டு உள்ளே இருந்து வந்தார். பார்த்தார். "நீ கூட்டிட்டுப் போ, பெமிலா" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, தானே ஆதார் கார்டை வாங்கத் தொடங்கினார்.

ஷைஜாவின் ஆட்டோவில் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனநல டாக்டரைப் பார்க்க நீண்ட வரிசை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது செல்வி மரியஜானைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்தால் அந்த ஆட்களைப் பற்றிச் சொல்லுவானாம். பெயர் சொல்லமாட்டான். இன்றைக்கு ஒரு வாத்தியார், இன்றைக்கு ஒரு காலேஜ் பிள்ளை என்று சொல்லுவான். தூக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவான். "நான் எழுப்பி, என்ன ஆச்சின்னு கேப்பேன். கனவுன்னு சொல்லுவாரு. நானும் கேக்கல்ல அக்கா. அந்தக் கேள்விய நானும் கேக்கல்ல. எனக்கே தெரியும். இருந்தாலும் உங்க மேலதான் எனக்கு ஆத்திரம்."

"இருக்கட்டும்."

"நான் உங்கள மன்னிக்கல்ல."

"வேண்டாம் செல்வி."

டாக்டர் இளவயதுப் பெண். செல்வி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். மாத்திரை எழுதினாள். கொஞ்ச நாளைக்குத் தனியாக இருக்கவேண்டாம் என்றாள். மாத்திரைகளை அம்மா கையில் கொடுத்து வைக்கச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னாள்.

ஷைஜா செல்வியின் மகளைப் பார்க்க முந்திப் போய்விட்டதால் இருவரும் நாகர்கோவிலில் கன்னியாகுமரி பஸ் ஏறினார்கள். மத்தியான வெயில். சுசீந்திரம் தாண்டுவதற்குள் செல்வி உறங்கிவிட்டாள். அவள் தலை பெமிலாவின் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் ஒழுங்காக உறங்கி எத்தனை நாளாயிற்றோ. கோவளத்துக்குப் பிரிகிற இடம் வந்தது. பெமிலா எழுப்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் வந்து நின்றார்.

"இவ ஒறங்குதா அண்ணே. நீங்க திரும்பிப் போவும்போ இப்பிடியே இருந்துக்கிடலாமா?"

அவர் இருவரையும் பார்த்தார். பெண்களுக்கான இலவசச் சீட்டு இரண்டைக் கிழித்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். அந்த பஸ்ஸில் அவர்கள் நாகர்கோவிலுக்குப் போய், மறுபடி கன்னியாகுமரிக்கு வந்தார்கள். பெமிலாவின் தோள் மரத்துப் போயிற்று. வழிநெடுகச் சத்தம் வராமல் அழுதாள். மரியஜான் செத்ததற்குப் பிறகு அவளும் அன்றைக்குத்தான் அழுதாள்.

பெமிலா குழுவுக்குத் திரும்பிப் போனது அதற்கடுத்த ஈஸ்டருக்குப் பிறகு. ஸ்ரீகுமார் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். சாயாக்கடைக் கூட்டங்களில் இப்போது அவள்தான் பேசுகிறாள். நன்றாகப் பேசுகிறாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நடுவில் நிறுத்திவிடுவாள். அவள் மறுபடி தொடங்குகிறவரை எல்லோரும் காத்திருப்பார்கள்.

செல்வி எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அந்த அட்டையைப் பார்த்தாலே அவளுக்கு ஆகாது. மன்னிக்கவில்லை என்று அன்றைக்குச் சொன்னதைத் திருத்தி வேறு எதுவும் இன்னும் அவள் சொல்லவில்லை. மகள் பிளஸ் டூ முடித்து மார்த்தாண்டத்தில் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குச் செல்வியும் பெமிலாவும் முதலில் வாரம் ஒருமுறை போனார்கள், பிறகு மாதம் ஒருமுறை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். பெமிலா அன்றைக்கு லீவு போடுவாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிடுகிறவரைக்கும் காத்திருப்பார்கள்.